விருந்தோ, வேற்றாளோ?

"இன்று எங்கள் வீட்டில் விருந்து" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது வாழையிலையும் அதிலே பரிமாறப்படும் பலவகைக் கறிகளும் பாயசமுமே. திருமண விருந்து, பிரிவுபசார விருந்து, தேநீர் விருந்து என்று நாம் அடுக்கிக்கொண்டே போகின்றோம். எங்கும் அச்சொல் உணவையே குறிக்கின்றது. உண்ண வருபவரைக் குறிக்க வேண்டுமாயின், அதனோடு ஒரு வாலைச் சேர்த்து விருந்தாளி என்றும் விருந்தினர் என்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. பண்டைத் தமிழர் ஒருவர் இன்று வந்து இதனைக் கேட்பாராயின் பெரிதும் வியப்புறுவார். அவர் அறிந்த விருந்து வாசலிலே வந்து நின்ற மனிதர்.

மனிதருக்குப் பெயராவதற்கும் முன்னர் அச்சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புக்களை வகுக்கும்போது அவற்றுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயர் தந்தார். புதிதாகப் புனையப்படும் யாப்பு அது. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும், விருந்து என்பது புதுமை என்றும், ஆகுபெயராகப் புதியராய் வந்தவரைக் குறித்தது என்றும் விளக்கினார். இவ்வாறு ஒரு பண்பின் பெயர் புதியவர்மேல் ஏறியது. பின்னர் அப்புதியவருக்கு இட்ட சோற்றின்மேல் ஏறியது. வாசலில் நின்ற சொல் மெல்ல மெல்ல அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. மலையாளத்து விருந்நு, தெலுங்கு விந்து என்பனவும் இதே வழியிற் சென்று இன்று உணவையே பெரிதும் குறிக்கின்றன.

இதனால் நாம் இழந்தது யாது? அதனைத் திருவள்ளுவரே காட்டுவார். இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவரை அவர் எண்ணுகின்றார்: இறந்துபட்ட முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான். விருந்தை ஒன்றாகவும் சுற்றத்தை மற்றொன்றாகவும் வைத்த நுட்பத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். மாமனும் மைத்துனியும் பிள்ளைகுட்டிகளோடு வந்திறங்கினால் அது சுற்றம் பேணுதலாகும், விருந்தோம்பல் வேறு. முன்பின் அறியாத ஒருவர், எவ்வூரார் எக்குலத்தார் என்று தெரியாத ஒருவர், வாசலுக்கு வரும்போதே விருந்தோம்பல் என்னும் அறம் தொடங்குகின்றது. அதற்காகவே ஓர் அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார் வள்ளுவர். முகம் சிறிது மாறுபட்டு நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று அவர் அஞ்சியதன் காரணமும் இதுவே. உறவினர் நம் முகத்தை நன்கு அறிவர். ஒருநாள் நாம் சிடுசிடுத்தாலும் மறுநாள் அதனை மறந்துவிடுவர். புதியவருக்கோ நம் முகத்தைத் தவிர வேறு சான்று இல்லை. சிலப்பதிகாரத்திலே கண்ணகி தான் இழந்தவற்றைக் கோவலனிடம் சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையை இழந்ததையும் ஒரு துயரமாகச் சொல்கின்றாள்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் சங்கடப்படலை என்று ஒன்றிருந்தது. தெருவாயிலில், படலைக்கு மேலே கூரையிட்டு, இருபுறமும் திண்ணை கட்டி, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க விட்ட இடம் அது. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடமோ தெருவையே கூரையால் மூடி, கற்றூண்கள் நிறுத்தி, இருமருங்கும் திண்ணை அமைத்துக் கட்டப்பட்டது. அங்கே படுத்து எழுந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். இக்காலத்து மதில்களையும் இரும்புக் கதவுகளையும் நான் குறை கூற வரவில்லை. கள்வர் பயம் எல்லார்க்கும் உண்டு. ஆயினும் மதில் உயர்ந்ததும் விருந்து என்னும் சொல் உணவாகச் சுருங்கியதும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்றே எனக்குப் படுகின்றது.

நமது அயல்மொழியாகிய சிங்களத்தைப் பார்ப்போம். விருந்தினரைச் சிங்களவர் 'அமுத்தா' என்பர். 'அமுத்து' என்றால் புதுமையானது, வழக்கத்திற்கு மாறானது என்று பொருள். விருந்து என்ற சொல்லைத் தமிழர் அமைத்த அதே எண்ணத்தைக் கொண்டு சிங்களவரும் தம் சொல்லை அமைத்திருக்கின்றனர். ஒலியில் ஒற்றுமை இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கப்படவும் இல்லை. வடமொழியிலுள்ள 'அதிதி' என்பதற்கு, திதி குறியாமல் வருபவர் என்று பழைய உரைகாரர் பொருள் கூறினர். சொல்லாராய்ச்சியாளர் அதனை அலைந்து திரிதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவிப்பர். எவ்வாறாயினும், அழைப்பிதழ் பெற்று வருபவர் அதிதி அல்லர்.

இனி மேற்றிசைக்குச் செல்வோம். பண்டைக் கிரேக்கரின் 'ஸெனோஸ்' என்னும் சொல் உலக மொழிகளிலே தனிச்சிறப்பு வாய்ந்தது. அந்நியன், விருந்தினன், விருந்தளிப்பவன், விருந்துறவால் நண்பனானவன் என்னும் நால்வரையும் அந்த ஒரு சொல்லே குறித்தது. தேவர் தலைவனாகிய சீயஸ் கடவுளுக்கே 'ஸெனியோஸ்' என்றொரு பெயர் உண்டு. அந்நியரைக் காப்பவன் என்பது அதன் கருத்து. ஹோமரின் காப்பியங்களில் ஒரு வழக்கத்தைக் காணலாம். வந்தவருக்கு முதலிற் கைகழுவ நீரும், பின்னர் உணவும் மதுவும் தருவர். அவர் உண்டு பசியாறிய பின்னரே, "நீர் யார்? எவ்வூர்?" என்று வினவுவர். பெயர் கேட்டபின் சோறிடுவதற்கும் சோறிட்டபின் பெயர் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் இல்லத்தரசிகள் நன்கு உணர்வர்.

இவ்வுறவு தலைமுறை தாண்டியும் நிலைத்தது. இலியட் காப்பியத்தின் ஆறாம் பகுதியிலே கிரேக்க வீரனாகிய டயோமீடஸும் துரோயர் பக்கத்து வீரனாகிய கிளௌக்கஸும் போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவர் குலத்தை ஒருவர் கேட்டறியும்போது, டயோமீடஸின் பாட்டன் கிளௌக்கஸின் பாட்டனை ஒருகாலத்தில் இருபது நாட்கள் தன் இல்லத்தில் வைத்து உபசரித்த செய்தி வெளிவருகின்றது. அவ்வளவுதான், ஈட்டி நிலத்திலே ஊன்றப்படுகின்றது. இருவரும் கைகோத்து, இனி ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று உறுதிகூறி, தம் கவசங்களை மாற்றிக்கொள்கின்றனர். கிளௌக்கஸ் கொடுத்தது நூறு எருதுகள் பெறுமதியான பொற்கவசம். பெற்றதோ ஒன்பது எருதுகள் பெறுமதியான வெண்கலக் கவசம். கிளௌக்கஸின் அறிவைச் சீயஸ் பறித்துவிட்டான் என்று ஹோமரே நகைக்கின்றார். ஆனால் அந்தப் போர் மூண்ட காரணத்தையும் நாம் மறத்தலாகாது. மெனெலாஸ் மன்னன் வீட்டில் விருந்தினனாகத் தங்கிய பாரிஸ் அவன் மனைவியையே கவர்ந்து சென்றான். விருந்து முறையை மீறியதால் எழுந்தது போர். அதே விருந்து முறையால் அப்போரின் நடுவிலே இரண்டு உயிர்கள் தப்பின.

விருந்துறவு பூண்ட இருவர் பிரியும்போது ஓர் எலும்பையோ வில்லையையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். பல ஆண்டுகளின் பின் மகனோ பேரனோ தன் பாதியைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டினால் உறவு மெய்ப்படும். ஒன்றாகப் பொருத்தப்படும் இத்துண்டுக்குச் 'சிம்போலொன்' என்று பெயர். இன்று கவிதை ஆராய்ச்சியாளர் ஓயாமற் பேசும் 'சிம்பல்' என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்ததே. உரோமரிடமும் இத்தகைய வில்லைகள் இருந்தன. பிளௌட்டஸ் என்னும் நாடகாசிரியரின் நாடகம் ஒன்றிலே கார்த்தேஜ் நகரத்து முதியவர் ஒருவர் அயலூரில் அவ்வில்லையைக் காட்டித் தம் பழைய விருந்துரிமையை நிலைநாட்டுகின்றார். கார்த்தேஜோ உரோமாபுரியை நடுங்கவைத்த பகைநாடு!

ஸெனோஸ் இன்றும் பல உருவில் வாழ்கின்றது. தற்காலக் கிரேக்கத்திலே விடுதிக்கு 'ஸெனோதொகியோ' என்று பெயர். அந்நியரை ஏற்கும் இடம் என்பது பொருள். அந்நியர்மீது அன்பு என்று பொருள்படும் 'பிலோஸெனியா' என்ற பழைய சொல்லே அவர்களுக்கு விருந்தோம்பல். அந்நியர்மீது அச்சமும் வெறுப்பும் என்று பொருள்படும் 'ஸெனோபோபியா'வோ அண்மைக் காலத்து ஆக்கம். அன்புக்குரிய சொல் முந்தியது. அச்சத்துக்குரிய சொல் பிந்தியது. 1898 ஆம் ஆண்டில் வில்லியம் ராம்சேயும் மொறிஸ் டிராவர்ஸும் காற்றிலிருந்து ஒரு புதிய வாயுவைப் பிரித்தெடுத்து, அதற்கு 'ஸெனன்', அதாவது அந்நியன், என்று பெயரிட்டனர். எதனோடும் சேராத வாயு என்று அதனை நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1962 இல் நீல் பாட்லெட் என்பவர் அதனை வேறு பொருளோடு சேர்த்துக் காட்டினார். இரசாயனம் கற்கும் மாணவர்கள் இக்கதையை அறிவர். பெயரின் பொருத்தத்தை அவர்களுள் எத்தனை பேர் எண்ணினரோ!

இலத்தீன் மொழியின் கதை இதனினும் விசித்திரமானது. அங்கே 'ஹொஸ்டிஸ்' என்னும் சொல்லுக்குப் பகைவன் என்று பொருள். சீசரும் லிவியும் எழுதிய போர்க்கதைகளில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் அதுவும், ஜேர்மன் மொழியில் விருந்தினரைக் குறிக்கும் 'காஸ்ட்', ஆங்கிலத்தின் 'கெஸ்ட்', ருஷ்ய மொழியின் 'கோஸ்ட்' ஆகிய சொற்களும் ஒரே வேரிற் பிறந்த உடன்பிறப்புகள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் மூவர் விருந்தினராகவும் ஒருவர் பகைவராகவும் எவ்வாறு ஆயினர்?

உரோமரே இதனை எண்ணிப் பார்த்தனர். கி.மு. 44 இல் எழுதிய 'கடமைகள்' பற்றிய நூலிலே சிசரோ, தம் முன்னோர் வேற்றூரானையே ஹொஸ்டிஸ் என்று அழைத்தனர் என்கின்றார். ஏறக்குறைய கி.மு. 450 இல் வகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தையே அதற்குச் சான்றாகக் காட்டுகின்றார். அந்நியனோடு நடக்கும் வழக்குக்கு நாள் குறிப்பதைச் சொல்லும் இடத்தில் அச்சட்டம் ஹொஸ்டிஸ் என்றே கூறுகின்றது. போர் தொடுப்பவனைக்கூட அந்நியன் என்னும் மென்மையான பெயரால் முன்னோர் அழைத்தனர் என்றும், வழக்கு நீள நீள அப்பெயர் கடுமை பெற்றது என்றும் சிசரோ குறிக்கின்றார்.

பிரெஞ்சு அறிஞர் எமில் பென்வெனிஸ்ட் 1969 இல் வெளியிட்ட நூலிலே இதற்கு மேலும் விளக்கம் தந்தார். ஆதியில் ஹொஸ்டிஸ் என்பவன் எல்லா அந்நியரையும் போன்றவனல்லன். உரோமருடன் கொடுக்கல் வாங்கல் செய்து, அவர்களோடு ஒத்த உரிமை பெற்றிருந்த அந்நியன். வீட்டுக்கு வீடு, குலத்துக்குக் குலம் இருந்த இவ்வுறவுகள், அரசு வலுப்பெற்று 'எம் நாட்டவர்', 'பிற நாட்டவர்' என்னும் எல்லைக்கோடு எழுந்தபோது பொருளிழந்தன. உறவு போயிற்று, சொல் எஞ்சியது. எஞ்சிய சொல்லிலே பகை குடிபுகுந்தது. பென்வெனிஸ்ட் கூறும் இக்காரணம் மொழி வரலாற்றுக்கு அப்பாலும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஹொஸ்டிஸ் பகைவனாகிவிட்டமையால் விருந்தினருக்கு 'ஹொஸ்பெஸ்' என்னும் சொல்லை இலத்தீனர் ஆண்டனர். அது விருந்து ஏற்பவரையும் அளிப்பவரையும் ஒருங்கே குறித்தது. அதன் வழித்தோன்றலாகிய பிரெஞ்சு 'ஓட்' என்னும் சொல் இன்றும் இருவரையும் குறித்து மொழிபெயர்ப்பாளரைத் திண்டாடவைக்கின்றது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளை நாமும் நாள்தோறும் காண்கின்றோம். விருந்தளிக்கும் 'ஹோஸ்ட்', தங்கும் 'ஹொஸ்டல்', உண்ணும் 'ஹோட்டல்', நோயாளர் கிடக்கும் 'ஹொஸ்பிற்றல்' எல்லாம் ஒரு வழியினர். பகைமையைக் குறிக்கும் 'ஹொஸ்டைல்' மற்றொரு வழியினர். முதலில் யாத்திரிகரும் வழிப்போக்கரும் தங்கிய இடமே ஹொஸ்பிற்றல். வழியில் வந்தவர் நோயுற்றும் இருப்பர் அல்லவா? அதனால் நாளடைவில் அது மருத்துவமனையாயிற்று. பாரிஸ் நகரத்துப் பழைய மருத்துவமனைக்கு இன்றும் 'ஓட்டெல் தியூ', கடவுளின் விடுதி, என்றே பெயர். போர்த்துக்கேயர் வழியாக அச்சொல் சிங்களத்தில் 'இஸ்பிரிதாலை' ஆயிற்று. நம் வாயில் ஆஸ்பத்திரி என நிலைத்தது.

வந்தவர் பகைவராகாவிடினும் அவர் பெயர் தாழ்ந்துபோவது உண்டு. அறபு மொழியில் 'கரீப்' என்றால் அந்நியன், ஊர் விட்டு வந்தவன். அச்சொல் பாரசீகத்தின் வழியே உருதுவுக்கும் இந்திக்கும் வந்து சேர்ந்தபோது ஏழை என்னும் பொருளைப் பெற்றது. ஜேர்மன் மொழியில் துன்பத்தைக் குறிக்கும் 'ஏலெண்ட்' என்னும் சொல், ஆதியில் வேற்று நாட்டில் இருத்தல் என்று பொருள்பட்டது. நாம் வழங்கும் அகதி என்ற சொல்லும் வடமொழிவழிக் கதியற்றவர் என்று பொருள்படுவது. நாட்டைப் பிரிந்தவரைப் பற்றி அச்சொல் கூறும் ஒரே செய்தி, அவருக்குப் போக்கிடமில்லை என்பதே. 1983 இன் பின் நம்மவர் பல்லாயிரவர் கடல் கடந்து அந்நிய வாசல்களில் நின்றபோது, பழந்தமிழ்க் கணக்கில் அவர்கள் விருந்து. நாமே அவர்களுக்கு இட்ட பெயர் அகதி.

வந்தவர் போகாமல் தங்கிவிட்டால் என்ன பெயர்? கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழியிலே 'ம்கேனி' என்னும் சொல் அந்நியரையும் விருந்தினரையும் குறிக்கும். அம்மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: விருந்தினர்க்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நம்மவர் சிலர் இதனை நெடுநாள் தங்கும் உறவினர்மேல் ஏவும் கேலியாகவே கொள்வர். எனக்கு அதில் ஒரு மரியாதையும் தெரிகின்றது. மண்வெட்டியைப் பெற்றவர் மூன்றாம் நாளில் வீட்டவராகிவிடுகின்றார்.

எல்லா நாட்டிலும் இது நடப்பதில்லை. சீன மொழியில் விருந்தினரைக் குறிக்கும் எழுத்தையே ஜப்பானியர் 'கியக்கு' என்று வாசித்து, வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் பொதுவாக வழங்குகின்றனர். அதே எழுத்தால் தென்சீனத்தில் ஒரு மக்கட் கூட்டத்துக்கே பெயர் அமைந்தது. 'ஹக்கா' என்றால் விருந்தினர் குடும்பத்தவர். வடக்கிலிருந்து பல நூற்றாண்டுகளாகப் பெயர்ந்து வந்து, மலைச்சாரல்களைத் திருத்திப் பயிரிட்டவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கையில் மண்வெட்டி இருந்தும் பெயர் மாறவில்லை. அவர்களுக்கும், ஊரவர் என்று பொருள்படும் 'புந்தி' மக்களுக்குமிடையே குவாங்டொங் மாகாணத்தில் 1855 முதல் 1867 வரை கொடிய போர் நடந்து, பல்லாயிரவர் மாண்டனர். மேற்கு ஜேர்மனியோ 1955 இல் இத்தாலியரையும் 1961 இல் துருக்கியரையும் ஆலைகளுக்கு அழைத்தது. அவர்களுக்கு வழங்கிய பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்', விருந்தினத் தொழிலாளர். கேட்பதற்கு இனிய சொல். ஆயின், விருந்தினர் ஒருநாள் புறப்பட்டுப் போகவேண்டியவர் என்னும் குறிப்பும் அதனுள் ஒளிந்திருந்தது. 1973 இல் ஆட்சேர்ப்பு நின்றது. வந்தவருள் பலர் அங்கேயே தங்கி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றனர்.

இத்தகைய கதை நம் நாட்டிலும் உண்டு. 1820 ஆம் ஆண்டுகள் முதல் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் வந்தனர். சுவாகிலிப் பழமொழியின் இரண்டு நாள் உபசாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் நாளே கையில் மண்வெட்டி கொடுக்கப்பட்டது. ஆயினும் மூன்றாம் தலைமுறையிலும் அவர்கள் வீட்டவராகவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆக்கியது. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்திலே 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய பேச்சு 1974 வரை தள்ளிப்போடப்பட்டது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே அவர்கள் 'இந்தியாக்காரர்'. யாழ்ப்பாணத்தாராகிய நாமும் அவர்களை 'வடக்கத்தியான்' என்று அழைத்தோம். அச்சொல்லிலே விருந்தின் மணம் சிறிதும் இல்லை.

எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் அவர்கள் 'இந்தியத் தமிழர்' என்றே பதியப்பட்டனர். அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, 2023 இல் அவர்களுட் சிலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே கால்நடையாக நடந்து சென்றனர்.